பிளாஸ்டிக் குடித்த களைமருந்து

கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுக்கக்கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து, பிஜித் தீவின் பா நகரச் சந்தையில் என்னைப் பார்க்கிறவர்கள் துக்கம் விசாரிப்பதுபோல விசாரிக்கிறார்கள். "உங்க ஃபேக்டரில பை மெஷினை நிறுத்திட்டாங்களாமே" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். எனக்குத் துக்கம் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் நல்லதா கெட்டதா என்று அடுத்து கேட்பார்கள். "எந்தப் பிளாஸ்டிக்? எதுக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும். முப்பது ஆண்டுக்கு மேல் அந்த ஆலையின் சோதனை அறையில் இருந்தவளுக்குப் பிளாஸ்டிக் என்று ஒரே பொருள் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை, ஒரு தீச்சுடர், ஒரு பிடிவாதம் உண்டு.

இப்போது அந்த அறையில் இருக்கும் இரண்டு பெண்கள், பழைய நாட்களில் கருவிகள் இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ மனதிலிருப்பதை எழுத வேண்டுமென்றால் தமிழில்தான் வரும். தென்னிந்தியர் சங்கப் பள்ளியில் மாலை வகுப்பில் கற்றது. எழுதி முடித்ததும், இங்கே இந்தியர்களுக்குப் பொது மொழியான இந்துஸ்தானியில் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் குடும்பம் கரும்பு போட்ட குடும்பம். பள்ளி இறுதியான ஆறாம் படிவம் முடித்ததும், பைகளை இழுத்துப் பார்த்து எது எளிதில் கிழிகிறது என்று சொல்லும் வேலைக்கு என்னை எடுத்தார்கள். இரண்டு மூன்று வருடம் பைகளைக் கிழித்துக்கொண்டே இருந்தேன். பிறகு சோதனை அறைக்குள் அழைத்துக்கொண்டார்கள். அழைத்தவர் கோவிந்தன் மாஸ்டர்.

அவர் முன்பு பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர். அதனால் ஆலையில் எல்லோருக்கும் மாஸ்டர்தான். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. ஆலையில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. முதலாளியைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் தமிழில் சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல ஜன்னலைப் பார்ப்பார். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த பட்டாணி இருக்கும். வலது கை பட்டாணிக்கு, இடது கை பிளாஸ்டிக்குக்கு. இந்த ஒழுங்கை அவர் ஒருநாளும் மாற்றி நான் பார்த்ததில்லை.

ஒரு பொருளைக் கொடுத்தால் முதலில் நகத்தால் கீறுவார். காதருகில் வைத்துச் சுண்டுவார். வளைத்துப் பார்ப்பார். பிறகு மூக்கு. என்ன பொருள் என்று நாம் கேட்டால் பதில் சொல்லமாட்டார். "தண்ணில போடு. மிதக்குதா முழுகுதா?" என்பார். சொன்னால், "சரி, இப்ப நெருப்பு என்ன சொல்லுது?" என்பார்.

நெருப்புச் சோதனைதான் எங்கள் பெரிய கருவி. ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு இடுக்கி, ஒரு செம்புக் கம்பி, நீல லிட்மஸ் தாள். விரல்நகம் அளவு துண்டை இடுக்கியில் பிடித்துச் சுடரின் ஓரத்தில் காட்ட வேண்டும். நடுவில் அல்ல, ஓரத்தில். பற்றிக்கொண்டதும் வெளியே எடுத்து, தானாக அணைகிறதா என்று பார்க்க வேண்டும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. கையால் விசிறி, கொஞ்சமே கொஞ்சம் மூக்குக்கு வரச்செய்ய வேண்டும்.

பை செய்கிற பாலிஎத்திலீன் அடியில் நீலமும் நுனியில் மஞ்சளுமாக எரியும், எரிந்தபடியே சொட்டும். ஊதி அணைத்தால் மெழுகுவர்த்தி அணைத்த வாசனை. நீரில் மிதக்கும். தண்ணீர்க் குழாய் செய்கிற பி.வி.சி. மூழ்கும், சுடரின் ஓரம் பச்சையாகும், வெளியே எடுத்தால் அணைந்துவிடும், மூக்கைக் குத்தும். அந்தப் புகையில் ஈர லிட்மஸைக் காட்டினால் சிவக்கும், ஏனென்றால் அதில் அமிலம் வருகிறது. சந்தேகம் இருந்தால் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி அந்தப் பொருளில் தொட்டு மறுபடி தீயில் காட்ட வேண்டும். பச்சைச் சுடர் வந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது. வெள்ளைக் காப்பிக் கோப்பை செய்கிற பாலிஸ்டைரீன் கருப்பு ஒட்டடையைப் பறக்கவிடும்; அதன் புகையில் துலுக்கச்சாமந்தி வாசனை வரும். மீன்பிடிக் கயிறான நைலான் தலைமுடி கருகிய நாற்றம் அடிக்கும்; உருகிய நுனியைத் தொட்டு இழுத்தால் நூல்நூலாக வரும். முதன்முதலில் அந்த நூலை இழுத்தபோது நான் அறையின் மறுகோடி வரை நடந்துவிட்டேன். மாஸ்டர் தடுக்கவில்லை. "எங்க அறுது பாரு" என்றார்.

அவருடைய இன்னொரு சோதனை ஜன்னல் விளிம்பில் நின்றது. ஒரு பாலிஎத்திலீன் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி இறுக்கமாக மூடியிருந்தார். வாரத்துக்கு ஒருமுறை தராசில் வைப்பது என் வேலை. ஒவ்வொரு வாரமும் எடை குறைந்துகொண்டே வந்தது. மூடியில் கசிவில்லை, அடியில் ஓட்டையில்லை. கொஞ்ச நாளில் போத்தலின் பக்கங்கள் கன்னம் ஒட்டியதுபோல உள்ளே குழிந்தன.

"எங்க போச்சு மாஸ்டர்?"

"மூடி வழியா போகல. அடி வழியா போகல. மிச்சம் என்ன இருக்கு?"

"சுவர்தான்."

"அப்ப சுவர் வழியாத்தான் போச்சு." பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டார். "தண்ணிக்கு இது சுவரு. எண்ணெய்க்கு இது துணி மாதிரி. மொதல்ல ஊறும், அப்புறம் அந்தப் பக்கம் போகும். எதுக்கு எது சுவருன்னு தெரிஞ்சுக்கிட்டா நம்ம வேலைல பாதி முடிஞ்சுது."

எண்பத்தேழாம் ஆண்டு மே மாதம் தலைநகர் சுவாவில், இந்தியர்கள் அதிகம் இருந்த அரசைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பாவில் அன்று நாங்கள் வானொலியைச் சுற்றி நின்றோம். அதன்பின் தேநீர் இடைவேளையில் ஆலையின் இரண்டு பெஞ்சுகள் தாமாகவே பிரிந்தன. ஒன்றில் இந்தியர்களான நாங்கள், ஒன்றில் தீவின் பூர்வகுடிகளான பிஜியர்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டி செய்யும் பிரிவின் ஃபோர்மன் ஜோஸஃபா மட்டும் எந்தப் பெஞ்சிலும் உட்காராமல் நின்றபடியே தேநீர் குடித்தார். ஆற்றுக்கு மேலே, மலையடிவாரத்துக் கிராமத்துக்காரர். பா பக்கத்தில் வளர்ந்ததால் எங்களைவிடச் சரளமாக இந்துஸ்தானி பேசுவார்.

ராணுவ ஆட்சியைக் கண்டித்து ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் பிஜிக்குச் சரக்கு ஏற்ற மறுத்தார்கள். எங்கள் மூலப்பொருள் அங்கிருந்துதான் வர வேண்டும். அரிசிபோல இருக்கும் பாலிஎத்திலீன் குருணை. அதைத் தூளாக்கி, சுற்றும் அச்சில் வேகவைத்தால் தண்ணீர்த் தொட்டி. கிடங்கில் சாக்குகள் நாளுக்கு நாள் குறைந்தன. ஆட்களும் குறைந்தார்கள். கணக்குப் பிரிவில் இருவர் ஆக்லாந்து போனார்கள். என் அண்ணன்கள் சிட்னிக்கு மனுப் போட்டார்கள். எனக்கும் சேர்த்துப் போடட்டுமா என்று கேட்டார்கள். அம்மாவை விட்டு வரமுடியாது என்றேன். அது உண்மைதான், ஆனால் என் அறையை விட்டுப் போக எனக்கு மனமில்லை என்பதும் உண்மை.

மாஸ்டர் கனடாவுக்குப் போகப்போகிறார் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. "என் பொண்ணு பயந்துக்கிட்டு ஸ்கூல் பஸ்ல ஏற மாட்டேங்குது சரோஜா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். விசா வேலையாக அவர் சுவாவுக்கும் பாவுக்கும் அலைந்த நாட்களில் சோதனை அறை என் பொறுப்பில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை விளக்கையும் இடுக்கியையும் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப்பின் வரவில்லை.

அந்த வருடம் மேற்குப் பகுதியில் மழையும் இல்லை. ஓடைகள் வற்றின. அப்போதுதான் எங்கள் முதலாளி கரும்புத் தோட்டங்களில் கிடந்த பெரிய நீல நிற டிரம்களை லாரி லாரியாக வாங்கி ஆலை முற்றத்தில் அடுக்கினார். எல்லாம் களைமருந்து வந்த டிரம்கள். அவற்றைத் தூளாக்கிப் புதுக் குருணையோடு கலந்து தொட்டி செய்தால் கப்பல் வரும்வரை ஓட்டிவிடலாம் என்பது அவர் திட்டம். அவர் கெட்டவர் அல்ல. ஜோஸஃபாவின் கிராமத்தில் தண்ணீர் பிடித்துவைக்கப் பாத்திரம் இல்லை என்று கேள்விப்பட்டதும், நல்ல டிரம்களாகப் பொறுக்கி, காஸ்டிக் சோடாவிலும் சோப்பிலும் கழுவி, வெயிலில் காயவைத்து, தன் லாரியிலேயே அனுப்பிவைத்தார். அந்த நாட்களில் ஒரு இந்தியர் ஒரு பிஜியக் கிராமத்துக்கு அப்படி அனுப்பியது பா முழுக்கப் பேச்சாக இருந்தது. ஜோஸஃபா அன்று எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். ஜோஸஃபாவின் மனைவி மேரெயானி அங்கே தக்காளி விற்பவள். நான் வழக்கமாக அவளிடம்தான் வாங்குவேன். அன்று அவள் முன்னால் மக்காச்சோளக் கதிர்கள் மட்டும் குவிந்திருந்தன.

"தக்காளி எங்கே மேரெயானி?"

"தக்காளி டான்ஸ் ஆடுது" என்று சிரித்தாள். கையைத் தூக்கி விரல்களைச் சுருட்டி முறுக்கிக் காட்டினாள். "இலை இப்படி. தண்டு இப்படி. காய்க்க மாட்டேங்குது."

"தண்ணீர் இல்லாமலா?"

"ஊத்தறேனே. பாத்திரம் கழுவின தண்ணி, டிரம் அடில மிச்சமிருக்கற தண்ணி, எல்லாம் அதுக்குத்தான் ஊத்தறேன்."

"சோளத்துக்கு?"

"சோளத்துக்கும் அதே தண்ணிதான். அது பாரு, எப்படி இருக்கு." ஒரு கதிரின் உறையைப் பிரித்துக் காட்டினாள். பல் வரிசைபோல மணிகள்.

கதிர்களை வாங்கிக்கொண்டு இரண்டு கடை தாண்டியிருப்பேன். கால் நின்றுவிட்டது. கரும்புக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்காது. நாங்கள் வயலில் அடிக்கும் அந்த மருந்து அகன்ற இலைச் செடிகளை முறுக்கிக் கொல்லும், புல் வகையைத் தொடாது. அதனால்தான் கரும்பு நடுவில் அடிக்க முடிகிறது. கரும்பு புல் வகை. மக்காச்சோளமும் புல் வகை. தக்காளி இல்லை. ஒரே தண்ணீரில் ஒன்று ஆடுகிறது, இன்னொன்று நிமிர்ந்து நிற்கிறது. மருந்தின் பெயரைச் செடிகளே சொல்லிவிட்டன.

ஆனால் டிரம்மைக் கழுவினார்களே. காஸ்டிக் சோடாவில் கழுவினால் என்ன மிஞ்சும்? அப்போது ஜன்னல் விளிம்பில் கன்னம் ஒட்டி நின்ற மண்ணெண்ணெய்ப் போத்தல் நினைவுக்கு வந்தது. அந்த மருந்து எண்ணெயில் கரைத்து வருவது. டிரம்மோ பாலிஎத்திலீன். மாதக்கணக்கில் மருந்து உள்ளே இருந்தபோது சுவர் அதைக் குடித்திருக்கும். கழுவியது மேல் தோலை மட்டும். வெயில் மேலாக இருந்த வாசனையை ஓட்டியிருக்கும். பிறகு தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால், குடித்ததைச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும்.

பக்கத்துக் கடையில் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள் வாங்கி, திரும்பிப் போய் மேரெயானியிடம் கொடுத்தேன். ஒன்றில் டிரம் தண்ணீர், ஒன்றில் ஓடையிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். "சரிதானா என்று தெரியும்வரை டிரம் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்" என்றேன். அவள் சிரிப்பு போய்விட்டது. தலையாட்டினாள்.

எங்கள் சோதனை அறையில் தண்ணீரில் கலந்த மருந்தை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. சுவாவுக்கு அனுப்பினால் அந்த நாட்களில் யார் எப்போது பதில் போடுவார்கள் என்று தெரியாது. இருந்ததை வைத்துத்தான் செய்ய வேண்டும். தக்காளி நாற்றுகளையும் மக்காச்சோள முளைகளையும் டின்களில் நட்டு ஜன்னலில் வரிசையாக வைத்தேன். ஒரு வரிசைக்கு மேரெயானி பிடித்துக் கொடுத்த ஓடைத் தண்ணீர். ஒன்றுக்கு டிரம் தண்ணீர். மூன்றாவது வரிசைக்கு நானே தயாரித்த தண்ணீர்: முற்றத்திலிருந்த ஒரு டிரம்மைக் கழுவி, அதன் சுவரில் ஒரு துண்டு அறுத்து, நெருப்பில் காட்டி அது பாலிஎத்திலீன்தான் என்று உறுதி செய்து, மீதித் துண்டுகளைக் கண்ணாடி ஜாடியில் நல்ல தண்ணீரோடு வெயிலில் மூடி வைத்திருந்தேன்.

அந்த வாரம் முழுவதும் வேலைக்கு வந்ததும் முதலில் ஜன்னலுக்குத்தான் போனேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, இரண்டாம் வரிசைத் தக்காளியின் நுனி இலைகள் குடைக் கம்பிபோலக் கீழே வளைந்திருந்தன. அடுத்து மூன்றாம் வரிசை. அதில் இன்னும் மோசம், தண்டே திருகிக்கொண்டது. ஓடைத் தண்ணீர் குடித்தவை நேராக நின்றன. மக்காச்சோளம் மூன்று வரிசையிலும் பச்சையாக நின்றது. பயமும் இருந்தது, ஒருவித ஆனந்தமும் இருந்தது. இதை யாரிடம் தமிழில் சொல்வது என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை.

முதலாளி டின்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தக்காளிச் செடியைக் கொண்டுவந்து காட்டி என் தொட்டிப் பிரிவை மூடச் சொல்கிறாயா? நாளை மறுநாள் தூளாக்க ஆரம்பிக்கிறோம். கப்பல் இல்லை, குருணை இல்லை. அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பவா?"

"அந்தத் தொட்டியில் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் இருக்கும்."

"உருக்கினால் மருந்து எரிந்து போய்விடாதா?"

நல்ல கேள்விதான். "கொஞ்சம் ஆவியாகும். அது நம் ஆட்கள் மூக்குக்குள் போகும். மீதி தொட்டியில் இருக்கும். எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது."

அவர் மூன்றாம் வரிசை ஜாடியில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு போனார். டிரம்களைத் தூளாக்கும் வேலை தள்ளிப்போனது. யாருக்கும் காரணம் சொல்லவில்லை. அடுத்த வாரம் என் அறைக் கதவில் வந்து நின்றார்.

"வீட்டில் ஒரு ரோஜாச் செடிக்கு ஊற்றினேன்" என்றார். "என் மனைவி என்னோடு பேசுவதில்லை."

அன்றே தொட்டிப் பிரிவை நிறுத்தினார். அடுத்து, கிராமத்துக்குப் போன டிரம்களைத் திரும்ப எடுக்க வேண்டும். லாரியை அனுப்புவது எளிது. என்ன சொல்லி எடுப்பது? இந்திய முதலாளி ஒருவர் பிஜியக் கிராமத்துக்கு விஷ டிரம் கொடுத்தார் என்ற பேச்சு கிளம்பினால், அந்த மாதங்களில் அது எங்கே போய் நிற்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். போலீஸிடம் சொல்லலாம் என்றார் ஒருவர். சும்மா மாற்றிக் கொடுப்பதாகச் சொல்லி எடுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். ஜோஸஃபா கைகளைத் துணியில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரோஜ் வரட்டும்" என்றார். இந்துஸ்தானி பேசுகிறவர்களுக்கு நான் சரோஜ்தான். "அந்தச் செடிகளோடு வரட்டும். இருக்கிறதை இருக்கிறபடி சொல்லட்டும். நான் கூட இருக்கிறேன்."

டிரம்களுக்குப் பதிலாகக் கொடுக்க, முதலாளி பாவிலிருந்த கடைகளிலெல்லாம் ஏறி இறங்கிச் சமையல் எண்ணெய் வந்த பெரிய தகர டின்களைத் திரட்டினார். அவற்றைக் கழுவி லாரியில் ஏற்றினார்கள். நான் மடியில் ஒரு பெட்டிச் செடிகளோடு முன்னால் உட்கார்ந்தேன். பாலத்தருகே ராணுவத் தடுப்பு. துப்பாக்கியோடு ஒரு இளம் சிப்பாய் எட்டிப் பார்த்தான்.

"பெட்டியில் என்ன?"

"தக்காளிச் செடி."

ஜோஸஃபா பிஜிய மொழியில் ஏதோ சொன்னார். சிப்பாய் முறுக்கிய செடியை விரலால் நிமிர்த்திப் பார்த்தான். அது மறுபடி வளைந்துகொண்டது. கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போகச் சொன்னான்.

கிராமத்துக் கூடத்தில் பாயில் உட்கார்ந்தோம். ஜோஸஃபா முறைப்படி, இடித்து நீரில் கலக்கிக் குடிக்கும் யங்கோனா வேரை முன்னால் வைத்துப் பேசினார். அவர்கள் ஏற்றுக்கொண்டு கைதட்டினார்கள். அதன்பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியிலிருந்த செடி டின்களைப் பாயில் வைத்தேன். இந்துஸ்தானியில் சொன்னேன், ஜோஸஃபா ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்தார். கழுவித்தான் கொடுத்தோம், ஆனால் இந்தப் பிளாஸ்டிக் மருந்தைக் குடித்து வைத்திருக்கிறது, கழுவினாலும் போகாது, தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்றேன். மேரெயானியின் தோட்டம்தான் காட்டிக்கொடுத்தது என்றேன். யாருக்காவது உடம்புக்கு வந்ததா என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு இருந்தது என்றார்கள். அது டிரம்மாலா, வற்றிய ஓடைத் தண்ணீராலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தலைவர் சார்பில் பேசுகிறவர் ஒருவர் இருந்தார், அகன்ற தோள், நரைத்த தலை. அவர் முறுக்கிய தக்காளியை எடுத்துப் பார்த்தார். பக்கத்தில் நிமிர்ந்து நின்ற சோளத்தையும் எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். ஜோஸஃபா அதை மொழிபெயர்க்கத் தயங்கினார்.

"என்ன கேட்கிறார்?"

"சோளத்துக்கு ஒண்ணும் ஆகல, தக்காளி செத்துப்போகுது. நாங்க சோளமா, தக்காளியான்னு கேக்கறார்."

என் வேலைக்காலம் முழுவதிலும் யாரும் என்னிடம் அதைவிடச் சரியான கேள்வியைக் கேட்டதில்லை. சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எல்லா முகங்களும் என் வாயையே பார்த்தன.

"தெரியாது" என்றேன். "எனக்குத் தெரியாது. அதனால்தான் குடிக்க வேண்டாம் என்கிறேன்."

ஜோஸஃபா அதைச் சொன்னார். அந்த மனிதர் தன் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். ஓர் இளைஞன் எழுந்து, கொடுத்தவர்களே விஷம் என்று சொல்கிறார்கள், இதைச் சும்மா விடுவதா என்று கோபமாகக் கேட்டதாகப் பின்னால் அறிந்தேன். அதற்கு அவர் சொன்ன பதிலையும் பின்னால்தான் அறிந்தேன்: "மறைக்க நினைத்தவர்கள் செடியைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வருவார்களா?" யங்கோனா கலக்கினார்கள். எனக்கும் ஒரு சிரட்டை வந்தது. கைதட்டிக் குடித்தேன்.

டிரம்களை ஏற்றித் திரும்பும்போது ஜோஸஃபா, "என் ஊர் பிழைச்சுது. என் வேலை போச்சு" என்றார். குரலில் சிரிப்பு கொஞ்சம்தான் இருந்தது. தொட்டிப் பிரிவு மூடியதால் அவரும் அவர் ஆட்களும் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. அவர் மரவள்ளி நடப் போனார். என்னை யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் மூடிக்கிடந்த அந்தப் பகுதியைக் கடந்து என் அறைக்குப் போகும்போது வேகமாக நடப்பேன்.

டிரம்களை என்ன செய்வது என்று கேட்டார் முதலாளி. உருக்க வேண்டாம், நீளவாக்கில் பிளந்து கரும்பு வயல் வடிகாலில் பதித்துவிடலாம் என்றேன். கரும்புக்கு அந்த மருந்தால் கேடில்லை. குடிதண்ணீர் எடுக்கும் கிணறோ ஓடையோ இல்லாத வயல்களாகப் பார்த்துக் கொடுத்தோம்.

அந்த நாட்களில் ஒருமுறை ஆலைத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு என்றார்கள். கனடாவிலிருந்து மாஸ்டர். குரல் கிணற்றிலிருந்து வந்தது. மீன் பொட்டலம் கட்டும் இடத்தில் வேலை என்றார். டிரம் கதையைச் சொன்னேன். நான் செய்தது சரியா என்று கேட்கத்தான் நினைத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"சோளம் நல்லா இருந்துச்சா? முழுக்க?"

"முழுக்க."

"மிளகா வெச்சுப் பார்த்தியா? கத்திரிக்கா?" என்றார்.

"இல்ல மாஸ்டர்."

"வெச்சுப் பாரு." பிறகு குரல் மாறியது. "இங்க பொட்டலத்துக்கு ஒரு படலம் வருது சரோஜா. கண்ணாடி மாதிரி. உள்ள மீன் இருக்கு, வெளிய வாசனையே வரமாட்டேங்குது. நடுவுல நைலான் வெச்சிருப்பாங்கன்னு நெனைக்கிறேன். ஒரு துண்டு எரிச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும். எரிக்க விடமாட்டேங்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "வீட்டுக்குக் கொண்டுபோய் எரிச்சுப் பாருங்க" என்றேன். "பார்க்கறேன்" என்றார். தொடர்பு அறுந்தது.

அந்த ஆண்டே ராணுவம் இரண்டாவது முறையும் ஆட்சியைப் பிடித்தது. என் அண்ணன்கள் போனார்கள். ஒரு வழியாகச் சரக்குக் கப்பல்கள் பழையபடி வரத் தொடங்கின. குருணைச் சாக்குகள் வந்து இறங்கிய அன்று ஜோஸஃபாவும் ஆட்களும் திரும்பிவந்தார்கள். முதல் சாக்கைப் பிரித்து நான் சோதித்தேன். மிதந்தது, மெழுகு வாசனை. அதில் கரித்தூள் கலந்தோம். கருப்பாக இருந்தால் வெயில் பிளாஸ்டிக்கை உடைக்காது, வெளிச்சம் உள்ளே போகாததால் பாசியும் பிடிக்காது. அச்சிலிருந்து வெளியே வந்த முதல் தொட்டியை முதலாளி அந்தக் கிராமத்துக்கு அனுப்பினார். நானும் லாரியில் போனேன்.

தொட்டியை மேடையில் ஏற்றித் தண்ணீர் நிரப்பினார்கள். நான் கோப்பை தேடினேன். மேரெயானி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்ப இல்ல" என்றாள். வீட்டுச் சுவரோரம் காட்டினாள். டின்களில் தக்காளி நாற்றுகள், பக்கத்தில் சோளம். ஒன்றுக்குத் தொட்டித் தண்ணீர், ஒன்றுக்கு ஓடைத் தண்ணீர் என்று அடையாளத்துக்குச் சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியும் கட்டியிருந்தாள். "உன்னை நம்பறோம். ஆனா தக்காளியையும் கேட்டுக்கறோம். அடுத்த வாரம் வா."

அடுத்த வாரம் போனேன். ஊரே சுவரோரம் கூடியிருந்தது. தலைவர் சார்பில் பேசும் அந்த மனிதர் குந்தி உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் நேராக இருந்தன. எழுந்துபோய்த் தொட்டிக் குழாயைத் திறந்து ஒரு கோப்பை பிடித்து, தான் குடிக்காமல் என்னிடம் நீட்டினார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் குடித்தேன். லேசாக மெழுகு வாசனை அடித்தது. புதுத் தொட்டியில் கொஞ்ச நாள் அப்படி இருக்கும், போய்விடும் என்று சொன்னேன். ஜோஸஃபா மொழிபெயர்த்தார். அந்த மனிதர் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் மெதுவாக முகர்ந்தார். பிறகு மீதியைக் குடித்துவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டார்.